மாமல்லபுரத்துக் கல்லில் பாசி: பொறுப்பு யாருடையது?

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் சிலைகள் மெள்ள மெள்ள முகம் இழந்து வருகின்றன. சுற்றுமதிலின் மேல் வரிசையாகப் படுத்திருக்கும் நந்திகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பல நந்திகளுக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் உளி பிடித்தவன் இழைத்த இழைப்பெல்லாம் மழுங்கி, மழையில் கரைந்த வெல்லக்கட்டி போலக் காட்சி தருகிறது.

இதைப் பார்த்துச் சிலர், “காலம் கெட்டுவிட்டது, கல்லே கரைகிறது” என்று பெருமூச்சு விடுகிறார்கள். வேறு சிலர், “வெறும் அழுக்குதானே? ஆசிட் ஊற்றித் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும்” என்று யோசனை சொல்லுகிறார்கள். நம் தோழர்களிலேயே சிலர், “வயிறு காய்கிறபோது கல்லில் பாசி பிடித்தால் நமக்கென்ன?” என்று கேட்கிறார்கள். இந்த மூன்று பேச்சும் சரியல்ல என்பது நம்முடைய கருத்து. ஏன் என்று சொல்லுகிறோம்.

கல்லில் குடியிருப்பவை

மழைக்காலத்தில் கோயில் சுவர் பச்சையாகிறது. கோடையில் அதே சுவர் கறுத்துக் கிடக்கிறது. இந்தக் கறுப்பைப் புகை என்றும் தூசி என்றும் நினைக்கிறோம். பெரும்பகுதி புகையுமல்ல, தூசியுமல்ல, உயிர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடி கோடியாகச் சேர்ந்து பூசிய பூச்சு அது. ஈரம் வற்றினால் சுருண்டு கறுத்துப்போய்ச் செத்தது போலக் கிடக்கும். முதல் மழைத்துளி பட்டதும் மறுபடி விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும்.

நுண்ணுயிர் என்று ஒன்று உண்டு என்பதை உலகுக்குச் சொன்னவர்களில் முதன்மையானவர் பெரிய பண்டிதரல்ல. ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் துணிக்கடை வைத்திருந்த லேவன்ஹூக் என்பவர். துணியில் நூலின் தரத்தைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பயன்படுத்திய தொழில் அது. அவர் தாமே கண்ணாடி தேய்த்துப் பழகி, 1670-களில் குளத்துத் தண்ணீரையும் மழைத் தண்ணீரையும் அதன் வழியே பார்த்தார். உள்ளே உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன! நூலையும் நெசவையும் அறிந்த ஆலைத் தொழிலாளர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோயில் கல்லைக் கறுப்பாக்கும் உயிர்களில் முக்கியமானது நீலப்பச்சைப் பாசி. நம் விவசாயத் தொழிலாளர்களுக்கு இது அந்நியமல்ல. நாற்று நட்ட வயலில் தேங்கிய நீரில் படரும் பாசியில் இந்த இனமும் உண்டு. காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்குத் தருவதால் விவசாய இலாகாவே இதை உயிர் உரம் என்று சிபாரிசு செய்கிறது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் பிராணவாயு சேரத் தொடங்கியதும் இந்த இனத்தின் உழைப்பால்தான். வயலில் நமக்கு நண்பன். கோயில் சுவரில் வேறு வேலை செய்கிறான்.

அடுத்தது கல்பாசி. பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் வாசனைக்காகப் போடுகிற கல்பாசி இருக்கிறதே, அதே வகையைச் சேர்ந்ததுதான். இது ஒற்றை உயிரல்ல. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் கூடி வாழும் குடும்பம். பாசி வெயிலில் உணவு சமைக்கிறது. பூஞ்சை கல்லைப் பற்றிக்கொண்டு ஈரத்தைச் சேர்த்து வைக்கிறது. 1869-ம் ஆண்டு வாக்கில் இதை விளக்கிய ஸ்விட்ஸர்லாந்து விஞ்ஞானி ஷ்வெண்டனர், பூஞ்சையை எஜமான் என்றும் பாசியை அடிமை என்றும் வருணித்தார். அந்தக் காலத்து நிபுணர்கள் பலர் அவரைப் பரிகசித்தார்கள். ஆனால் ஈருயிர்க் கூட்டு என்ற அடிப்படை உண்மை நிலைத்துவிட்டது. எஜமான், அடிமை என்ற வர்ணனையைத்தான் பின்வந்தவர்கள் விவாதித்து, இருவருக்கும் லாபமுள்ள கூட்டு வாழ்க்கை என்ற கருத்துக்கு வந்தார்கள்.

பூஞ்சையின் நூல்கள் கல்லின் இடுக்குகளில் மில்லிமீட்டர் கணக்கில் உள்ளே இறங்குகின்றன. அவை கசியவிடும் புளிப்புப் பொருள்கள் கல்லின் தாதுக்களைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைக்கின்றன. நனையும்போது நூல் பருக்கிறது; காயும்போது சுருங்குகிறது. பிளவில் அடித்த ஆப்பு போல இது கல்லின் மணிகளை நெகிழ்த்துகிறது. கந்தகத்தையும் அம்மோனியாவையும் எரித்தே உயிர் வாழும் பாக்டீரியாக்களும் உண்டு. இவற்றை 1880-களிலும் 1890-களிலும் கண்டறிந்து சொன்னவர் ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி. இவற்றின் கழிவு என்ன தெரியுமா? கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும்! காற்றில் புகை பெருகப் பெருக, இந்தப் பாக்டீரியாக்களுக்குத் தீனியும் பெருகுகிறது.

கடலின் பங்கு

மாமல்லபுரத்தில் பாசி தனியாக வேலை செய்யவில்லை. அதற்கு உப்பு துணை நிற்கிறது. கடற்காற்று உப்பைச் சுமந்து வந்து கல்லில் அடிக்கிறது. இரவில் ஈரத்தோடு உப்பு கல்லின் துளைகளுக்குள் இறங்குகிறது. பகல் வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு உள்ளேயே படிகமாக இறுகி, துளையின் சுவரை நெம்புகிறது. கேளம்பாக்கம், கோவளம் பக்கத்து உப்பளங்களில் பாத்திநீர் வற்றி உப்புப் பூப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாத்தியில் நடப்பது கல்லுக்குள்ளே நடக்கிறது, அவ்வளவுதான். நாளொன்றுக்கு ஒரு தடவை என்று ஆயிரம் ஆண்டு நடந்தால் கருங்கல்லும் மாவாக உதிரும். உப்பு நெகிழ்த்திய இடத்தில் பாசி கால் ஊன்றுகிறது. பாசி பிடித்த இடத்தில் ஈரம் தங்குகிறது. ஈரம் தங்கிய இடத்துக்கு மேலும் உப்பு வருகிறது.

இதை எதிர்த்து மத்திய சர்க்காரின் தொல்லியல் துறை ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். நல்ல வேலையை நல்ல வேலை என்று சொல்லுவது நம் கடமை. கடலலை தாக்காதபடி பாறைகளைக் கொட்டி அரண் போட்டிருக்கிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பு வளர்த்திருக்கிறார்கள். உப்பை எடுக்க ஒரு பக்குவம் இருக்கிறது. சுத்தமான வாலை நீரில் காகிதக்கூழைக் கரைத்துக் கல்லின்மேல் கனமாக அப்புவார்கள். கூழிலுள்ள நீர் கல்லுக்குள் போய் உப்பைக் கரைக்கும். கூழ் காயும்போது உப்பு நீரோடு வெளியே வந்து கூழில் தங்கும். காய்ந்த கூழை உரித்துவிட்டு, உப்புக் குறையும் வரை மறுபடி மறுபடி அப்ப வேண்டும். புண்ணுக்குப் பற்றுப் போடுகிற வைத்தியம் மாதிரிதான்.

கல்லைக் காப்பாற்றுகிற சரியான வேலையில் அவசரம் கிடையாது. அதற்குப் பொறுமை வேண்டும், பழகிய கை வேண்டும், வருஷா வருஷம் அதே ஆள் வந்து அதே கல்லைப் பார்க்க வேண்டும். இங்கேதான் பிரச்னை தொடங்குகிறது.

அவசரம் செய்த சேதம்

பிரான்சில் லாஸ்கோ என்ற குகை இருக்கிறது. சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முந்திய மனிதர்கள் தீட்டிய காளைகளும் குதிரைகளும் அதன் சுவரில் உள்ளன. 1940-ல் கண்டுபிடித்தார்கள், 1948-ல் ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். தினம் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நுழைந்தார்கள். அவர்களுடைய மூச்சின் ஈரமும், மின்விளக்கின் வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசியை வளர்த்தன. 1963-ல் குகையை மூட வேண்டியதாயிற்று. அதன் பிறகும் 2001-ல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. மருந்தடித்தார்கள், சில ஆண்டுகளில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. ஒரு நுண்ணுயிரைக் கொன்றால் இன்னொன்று அந்த இடத்துக்கு வந்து உட்காருகிறது. பதினேழாயிரம் ஆண்டு தாக்குப்பிடித்த ஓவியம், பதினைந்து ஆண்டு டிக்கெட் வியாபாரத்தில் ஆட்டம் கண்டுவிட்டது.

நம் நாட்டுத் துறைக்கே ஓர் அனுபவம் உண்டு. கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலைச் செப்பனிட இந்தியத் தொல்லியல் துறையினர் 1986 முதல் 1993 வரை அங்கே பணியாற்றினார்கள். பல நாடுகள் கம்போடியாவைப் புறக்கணித்திருந்த காலத்தில், கண்ணிவெடி அபாயத்துக்கு நடுவே நம்மவர்கள் போய் வேலை செய்தது பெருமைக்குரியதே. ஆனால் பாசியை அகற்ற அவர்கள் கையாண்ட ரசாயன முறையை வெளிநாட்டு நிபுணர்கள் பலர் கண்டித்தார்கள். கல்லின் தோல் உரிந்துவிட்டது என்றார்கள். துறை தன் வேலையை ஆதரித்துப் பதில் சொன்னது. அந்த வழக்கு எப்படியிருந்தாலும் ஒன்று நிச்சயம். சுத்தம் செய்த கல்லில் கறுப்புப் பாசி மறுபடி வந்து சேர்ந்தது. சில இடங்களில் கல்பாசியின் மூடாக்கு மழையிலிருந்தும் உப்பிலிருந்தும் கல்லைக் காக்கவும் செய்கிறது என்று இன்றைய ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. எது கெடுக்கிறது, எது காக்கிறது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் சுரண்டுவது வைத்தியமல்ல.

இந்த அனுபவங்களையெல்லாம் விட மோசமானது நம் ஊர்க் கோயில்களில் நடந்தது. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, சுவர் கறுப்பாக இருக்கிறது, காண்ட்ராக்டரைக் கூப்பிடு! அவர் காற்றழுத்த யந்திரத்தைக் கொண்டுவந்து, துப்பாக்கி சுடுவது போல மணலைச் சுவரின்மேல் வீசியடித்தார். கறுப்புப் போயிற்று. கூடவே கல்வெட்டும் போயிற்று. சிலையின் நகமும் நகையும் போயின. கல்லின் மேல்தோலே போனதால் சொரசொரப்பான சுவரில் அடுத்த மழைக்குப் பாசி முன்னைவிட நன்றாகப் பிடித்தது. கண்டனம் கிளம்பிய பிறகு சர்க்கார் தடை உத்தரவு போட வேண்டி வந்தது.

தேய்க்கிறவன் நெஞ்சு

கல்வெட்டு அழிந்ததைப் பற்றிப் பலர் எழுதினார்கள், நல்லது. மணல் வீசும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற கூலிக்காரனைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர்? முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, மணல் புகையில் நாளெல்லாம் நிற்பவனின் நுரையீரலில் என்ன நடக்கிறது? மிக நுண்ணிய கல்தூள் நெஞ்சுக்குள் போய்த் தங்குகிறது. அது வெளியே வருவதில்லை. நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. இதற்குச் சிலிக்கோஸிஸ் என்று பெயர். இதைக் குணப்படுத்த மருந்தில்லை. காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் காசநோய் என்று மட்டும் எழுதிவிட்டால், வேலையால் வந்த நோய் என்பது மறைந்து, நஷ்டஈடும் கைநழுவிப் போகிறது.

வார்ப்பு வேலைகளில் மணல் வீசித் துலக்குவதைப் பிரிட்டனில் 1949-ம் ஆண்டிலேயே விதி போட்டுத் தடுத்தார்கள். நம் நாட்டுச் சட்டத்திலும் சிலிக்கோஸிஸ் தொழில் நோய் என்று அட்டவணையில் இருக்கிறது. அட்டவணையில் இருந்து என்ன பயன்? மூன்று மாதக் காண்ட்ராக்டில் வந்து போகிற கூலிக்கு நோய் வருவது பத்து ஆண்டு கழித்து. அப்போது காண்ட்ராக்டர் எங்கே, மஸ்டர் ரோல் எங்கே? கல்குவாரியில் வேலை செய்பவர்களுக்கும், மாமல்லபுரத்துப் பட்டறைகளில் மின்சார அரவைச் சக்கரம் வைத்துக் கல்லிழைக்கும் சிற்பத் தொழிலாளிகளுக்கும் இதே அபாயம்தான். மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்லுக்கு முத்திரை கிடைத்துவிட்டது. செதுக்குகிறவன் நெஞ்சுக்குப் பாதுகாப்பு எப்போது?

பாசி தேய்க்கிற வேலையிலும் அபாயம் உண்டு. அம்மோனியாவைத் தண்ணீரில் கலந்து தூரிகையால் தேய்க்கிறார்கள். பிறகு பாசிக்கொல்லி பூசுகிறார்கள். பாசியைக் கொல்லுகிற மருந்து மனிதனுக்குப் பாயசமாகுமா? கையுறையும் முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்யச் சொல்லுவது குற்றம்.

நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு

இப்போது அந்தத் தோழரின் கேள்விக்கு வருவோம். வயிற்றுப் போராட்டம் இருக்கும்போது கல்லைப் பற்றிய கவலை எதற்கு?

முதலாவது பதில். இது யாருடைய கல்? ராஜசிம்ம பல்லவன் கட்டினான் என்று புத்தகம் சொல்லுகிறது. ராஜசிம்மன் உளி பிடித்தானா? மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பாறையில் பழைய எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கொல்லன் சேமகன். கல் வேலை செய்தவர்களும் அவர்களுக்கு உளி அடித்துக் கொடுத்த கொல்லனும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அரசர்களின் விருதுப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் வெட்டப்பட்ட நாட்டில், உழைத்தவர்கள் தங்கள் பெயரை வைத்துவிட்டுப்போன பாறை அபூர்வம். அந்த எழுத்தின் ஆழம் அரிசி மணி அளவுகூட இராது. பாசியோ, ஆசிட்டோ, கல் உடைப்பவனின் சம்மட்டியோ அதை அழித்தால் நம் முன்னோரின் கையெழுத்து அழிந்தது என்று பொருள்.

கிருஷ்ண மண்டபத்தைப் பாருங்கள். கோவர்த்தன மலையைத் தூக்கும் கடவுளுக்குப் பக்கத்தில் பசுவிடம் பால் கறப்பவன் இருக்கிறான்; தலையில் சுமையோடு பெண் இருக்கிறாள். செதுக்கியவன் தன் ஊர் ஜனங்களைக் கல்லில் நிறுத்தியிருக்கிறான்.

இரண்டாவது பதில். கல்வெட்டு நம்முடைய சாட்சி. பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்து, இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு அங்கே உள்ளது. ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். அதே கல்வெட்டு, வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் உள்ளவனுக்குத்தான் ஓலையில் பெயர் என்றும் சொல்லுகிறது. நிலமில்லாதவனுக்கு அதில் இடமில்லை. சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் வெட்டி என்ற கூலியில்லா வேலையும், பறைச்சேரியும் எழுதப்பட்டிருக்கின்றன. யாரிடம் நிலம் இருந்தது, யாரிடம் இல்லை, யார் சும்மா உழைத்தார்கள் என்பதற்கு ஆயிரம் ஆண்டுப் பழைய ஆவணம் இது. பத்திரத்தைக் கறையான் தின்ன விடுவோமா? கல்வெட்டைப் பாசி தின்னவும் விடக்கூடாது. காண்ட்ராக்டர் அழிக்கவும் விடக்கூடாது.

மூன்றாவது பதில். இது வேலைப் பிரச்னை. 2022 டிசம்பரில் பார்லிமெண்ட் குழுவின் அறிக்கை ஒன்று வந்தது. அப்போது நாடு முழுவதும் 3,693 பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இருந்தன. காவலுக்கு 7,000 பேர் தேவைப்பட்டார்கள். பணமில்லை என்று சொல்லி 248 இடங்களில் 2,578 பேரைத்தான் வைக்க முடிந்திருக்கிறது என்று அதில் கண்டிருக்கிறது. காவலுக்கே ஆளில்லாதபோது, ஒவ்வொரு மழைக்கும் பிறகு கல்லைப் பார்த்துக் குறிப்பெழுத ஆள் ஏது? 2018 முதல் உலகச் சின்னங்களைப் பார்க்க இந்தியருக்கு 40 ரூபாயும் வெளிநாட்டாருக்கு 600 ரூபாயும் கட்டணம் வைத்தார்கள். மாமல்லபுரம் 1984 முதல் உலகச் சின்னம். வாசலில் வசூலாகும் பணத்தில் அந்தக் கல்லைக் காக்கும் கைகளுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

2004 சுனாமியின்போது அலை மணலை அரித்துக்கொண்டு போக, சாளுவன்குப்பத்தில் எழுத்துள்ள பாறை வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து தோண்டியபோது மிகப் பழைய முருகன் கோயிலின் செங்கல் அடித்தளம் கிடைத்தது. மண்ணுக்குள் இருந்தவரை அது பத்திரமாக இருந்தது. வெளியே வந்தவுடன் வெயிலும் ஈரமும் உப்பும் பாசியும் வந்துவிடும். தோண்டுவதற்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், தோண்டியதைக் காப்பதற்கும் நிரந்தரமாக ஒதுக்க வேண்டும். பிரமுகர் வருகிறார் என்றால் ஒரு வாரத்தில் பூசி மெழுகுவது பாதுகாப்பல்ல.

என்ன செய்ய வேண்டும்?

எந்தக் கல்லையும் சுத்தம் செய்யுமுன், அதில் இருப்பது எந்த உயிர், அது கெடுக்கிறதா காக்கிறதா என்று விஞ்ஞானிகள் பரிசோதிக்க வேண்டும். ஒரு மூலையில் செய்துபார்த்து, மழையும் கோடையும் கழிந்த பிறகே மற்ற இடத்தில் கை வைக்க வேண்டும். தொல்லியல் துறையின் விஞ்ஞானப் பிரிவுக்குத் தலைமையகம் டேராடூனில் இருக்கிறது. மாமல்லபுரத்துப் பாசியை அன்றாடம் கவனிக்க மாமல்லபுரத்திலேயே ஆய்வுக்கூடம் வேண்டும்.

மிகக் குறைந்த டெண்டர்காரனுக்கு வேலை என்ற முறை இதற்கு உதவாது. செங்கற்பட்டு மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வாலிபர்களையும் பெண்களையும் எடுத்து, பயிற்சி கொடுத்து, நிரந்தர வேலையில் வைக்க வேண்டும். சிற்பக் கல்லூரி 1957 முதல் மாமல்லபுரத்தில் இருக்கிறது. கல்லின் குணம் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

கல்தூளிலும் ரசாயனத்திலும் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்புச் சாதனமும், ஆண்டுக்கு ஒரு தடவை நெஞ்சு எக்ஸ்ரே பரிசோதனையும், நோய் கண்டால் நஷ்டஈடும் கிடைக்க வேண்டும். காண்ட்ராக்ட் ஆள் என்று சொல்லிக் கையைக் கழுவ விடக்கூடாது.

வாரத்தில் ஒரு நாளாவது உழைப்பாளிக் குடும்பங்கள் கட்டணமின்றி உள்ளே போய்ப் பார்க்க வழி செய்ய வேண்டும். வாசற்பலகையில் பல்லவ ராஜாக்களின் பெயர்களோடு கேவாதப் பெருந்தச்சன் பெயரும் கொல்லன் சேமகன் பெயரும் இருக்க வேண்டும்.

நம் பங்கும் உண்டு. உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி என்று கேள்விப்பட்டால் போய் விசாரியுங்கள். ஆசிட் ஊற்றுவதையும் மணல் வீசுவதையும் தடுத்து நிறுத்துங்கள். கல்வெட்டின்மேல் எண்ணெயும் நெய்யும் தடவ வேண்டாம் என்று பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்; எண்ணெய்ப் பிசுக்கு பூஞ்சைக்கு உணவு. அங்கே கூலிக்கு நிற்கும் தொழிலாளிக்கு முகமூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் சங்கத்துக்குத் தகவல் கொடுங்கள். கல்லைக் காப்பதும் அந்தக் கல்லில் வேலை செய்கிறவனைக் காப்பதும் ஒரே காரியம். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் செய்ய முடியாது.